அரை சென்டிமீட்டர்

தம்பி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீங்க. கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினதிலிருந்து பார்க்கிறேன், செல்போனுக்குள் தலையை விட்டவர் இன்னும் வெளியே வரவில்லை. காது எங்கே இருக்கிறது, தோள் எங்கே இருக்கிறது பாருங்க. பக்கவாட்டில் பார்த்தால் இரண்டும் ஒரே நேரில் இருக்க வேண்டும். உங்களுக்குக் காது முன்னால் போய்விட்டது. மூன்று மாதமாக இதையே பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணு இப்படி ஆகிவிட்டது. எந்த மனுஷனைப் பார்த்தாலும் முகம் தெரிவதில்லை, முதுகுதான் தெரிகிறது.

ஆங், நிமிர்ந்துட்டீங்க. சொன்ன உடனே நிமிர்கிற பிள்ளை. யார் பெற்ற பிள்ளையோ, நல்லா இருங்க. என் வீட்டிலும் ஒருத்தன் இருக்கிறானே.

எனக்குப் போடி. நீங்க தேனியா? சரி, அதுவரைக்கும் பேச்சுத்துணை ஆச்சு. என் பேர் சன்னாசி. போடி பஜாரில் ஏலக்காய்க் கமிஷன் கடையில் எடை போடுகிற வேலை. கைத்தராசு, மேடைத்தராசு, இப்போது நம்பர் ஓடுகிற தராசு, எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். எந்தத் தராசானாலும் ஒரே ஒரு பொறுமை வேண்டும். மூட்டையை வைத்ததும் முள் ஆடும். அது ஆடி ஓயும் வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது. ஓய்வதற்கு முன்னால் எடை சொல்கிறவன் ஒன்று திருடன், இல்லையென்றால் அவசரக்காரன். இன்றைக்கு மதுரையில் என் பிள்ளையை அளந்த ஆள் இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை. அரை சென்டிமீட்டர் குறைகிறது, வெளியே போ என்று சொல்லிவிட்டான் தம்பி. அரை சென்டிமீட்டர்! இந்தச் சுண்டுவிரல் நகம் இருக்கிறதே, இதன் அகலம்கூட இல்லை.

போலீஸ் செலக்‌ஷன். காலையில் மதுரை மைதானத்தில் நடந்தது. என் மகன் பேர் பரமசிவன், பரமன் என்று கூப்பிடுவோம். எழுத்துப் பரீட்சையில் நல்ல மார்க். எங்கள் தெருவில் அவனோடு எழுதினவர்களில் அவன் ஒருத்தன்தான் தேறினான். ஆனால் அவனுக்கு வயசு இந்தத் தடவையோடு முடிகிறது. அடுத்த செலக்‌ஷனுக்கு அவன் விண்ணப்பம்கூடப் போட முடியாது. இது போனால் என்னோடு கடைக்கு வந்து சாக்கு தைக்கட்டும் என்று நான் நினைத்திருந்தேன். அவன் நினைப்பு வேறு. அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்: "இது கிடைக்கலேன்னா நான் கேரளாப் பக்கம் போயிருவேம்மா. இங்கே இருக்க மாட்டேன்." என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் எதையும் சொல்ல மாட்டான். மரியாதை தெரிந்த பிள்ளை. இத்தனை வயசில் என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினது கிடையாது.

இதில் கொடுமை என்னவென்றால், அவன் குட்டைப் பிள்ளை இல்லை தம்பி. என்னைவிட உயரம். அந்த உயரம் அவனிடமேதான் இருக்கிறது. முதுகுக்குள் போய் ஒளிந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறது.

பரீட்சை ரிசல்ட் வந்த அன்றைக்கு ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். எங்கள் தெருவில் ரிட்டயர்டு ஏட்டு ஒருத்தர் இருக்கிறார். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு பரமனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "சன்னாசி, மார்க்கெல்லாம் சரி. பய ஏன் இப்படி நிக்கிறான்? கல்லு கட்டாத புடலங்கா மாதிரி? உயரம் அளக்கும்போது வம்பாயிரும்ப்பா" என்றார். அன்றைக்குத்தான் நானே பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். தோள் இரண்டும் முன்னால் வந்து, மேல்முதுகு உருண்டு, கழுத்து ஆமைக் கழுத்தாக நீட்டிக்கொண்டு. வாசல் நிலையில் சாய்த்து அளந்தால், அவர்கள் கேட்கிற உயரத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கீழே.

எங்கள் வம்சத்தில் யாருக்கும் கூன் கிடையாது. எங்கள் அப்பா மலையிலிருந்து மூட்டை சுமந்தவர், கடைசிவரைக்கும் பனைமரமாக நின்றார். இவனுக்கு எங்கிருந்து வந்தது? செல்போன். வேறு என்ன? அப்புறம் ஏலக்காய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் புத்தகத்தை வைத்து, தரையில் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் படித்தான். மேஜை வாங்கித் தரச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டானா? கேட்கவில்லை. கேட்டால்தானே தெரியும்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். புடலங்காய் வளையாமல் நேராக இறங்க நுனியில் கல்லு கட்டுவார்களே, ஏட்டு சொன்ன அந்தக் கல்லு நான்தான் என்று.

அதிலிருந்து நான் ஓயவில்லை தம்பி. அவன் பல் தேய்த்தால் பின்னால் நின்று "நிமிர்டா". சோற்றுக்கு உட்கார்ந்தால் "நிமிர்டா". தூங்கப் போகிறவனை எழுப்பி, மல்லாக்கப் படு என்பேன். கையில் ஒரு மர ஸ்கேல் வைத்திருந்தேன். அடிக்க இல்லை, சும்மா முதுகில் தொட்டுக் காட்ட. பிறகு அதைச் சட்டைக்குள் சொருகிப் பார்த்தேன். மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு பெல்ட் கிடைக்கிறது, தோளைப் பின்னால் இழுத்துக் கட்டுகிற மாதிரி. அதை வாங்கி வந்து என் கையாலேயே இழுத்துக் கட்டினேன். அக்குளெல்லாம் புண்ணாகிப்போச்சு. அப்படியும் வாய் திறந்து வலிக்கிறது என்று சொல்லவில்லை. பிள்ளை அப்படி.

நான் கடைக்குப் போய்விட்டால் யார் பார்ப்பது? அதனால் தெருவில் எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். டீ மாஸ்டர் கிளாஸை ஆற்றிக்கொண்டே "என்ன பரமா, கல்லு கட்டியாச்சா? நிமிருப்பா!" என்பார். எதிர்வீட்டு ராசாத்தி வாசல் தெளிக்கும்போது "தம்பி, முதுகு!" என்று ஒரு சத்தம். பள்ளிக்கூடம் போகிற வாண்டுகள்கூட "அண்ணே, நிமிருண்ணே" என்று கூவிவிட்டு ஓடும். ஒரு தெருவே சேர்ந்து ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டது. எந்த ஊரில் நடக்கும் சொல்லுங்க?

ஆனால் அவன் சாக்கடைச் சந்து வழியாகப் போக ஆரம்பித்தான். "ஏண்டா அந்த நாத்தத்துல போறே?" என்று கேட்டேன். "குறுக்குப் பாதைப்பா" என்றான். எங்கள் வீட்டிலிருந்து எங்கே போவதற்கும் அது குறுக்குப் பாதை இல்லை தம்பி. பிறந்து வளர்ந்த தெருவில் பிள்ளைக்கு வழிகூடத் தெரியவில்லை.

என் சம்சாரம் முருகேஸ்வரிதான் ஒரு நாள் சண்டை போட்டாள். "நீங்க கட்டினதும் போதும், இழுத்ததும் போதும். ஒரு டாக்டரைப் பாருங்க." அப்புறம்தான் தேனிக்குப் போனோம். மெர்லின் டாக்டரம்மா என்று ஒரு பெண். ஊசி மருந்து கிடையாது. உடம்பை அசைக்கச் சொல்லிக்கொடுத்தே சரிபண்ணுகிற டாக்டர். பிசியோதெரபி என்கிறார்கள்.

"தம்பி, நீங்க எப்பவும் எப்படி நிப்பீங்களோ அப்படி நில்லுங்க" என்றது அந்தப் பொண்ணு.

"அப்படி நிக்காதடா, நிமிர்ந்து நில்லு" என்றேன் நான்.

"ஐயா, அவரை நிக்க விடுங்க."

பக்கவாட்டில் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். பிறகு குப்புறப் படுக்கச் சொல்லி, நெஞ்சை மட்டும் தூக்கச் சொன்னாள். தூக்கினான். அந்த உருண்டை முதுகு அப்படியே பலகை மாதிரி ஆனது தம்பி. என் கண்ணால் பார்த்தேன். மல்லாக்கப் படுக்கவைத்து அளந்தாள். கேட்கிற உயரத்துக்கு மேலேயே இருந்தது! "பார்த்தீங்களா ஐயா? சில பேருக்கு முதுகெலும்பே ஒரு பக்கம் தேய்ஞ்சு ஆப்பு மாதிரி ஆகியிருக்கும். அது படுத்தாலும் நேராகாது. இவருக்கு எலும்புல கோளாறு இல்ல, எக்ஸ்ரேயும் நல்லா இருக்கு. ரொம்ப வருஷமா உடம்பைக் குறுக்கியே வச்சிருந்திருக்கார். அதனால முன்பக்கம் நெஞ்சுச் சதை சுருங்கிப்போச்சு, பின்பக்கம் முதுகுச் சதை இழுபட்டுப் பலமில்லாமப் போச்சு. முன்பக்கத்தை விரிக்கணும், பின்பக்கத்துக்குப் பலம் ஏத்தணும். கொஞ்ச நாள் ஆகும், ஆனா சரியாகும்" என்றாள்.

பெல்ட்டைக் காட்டினேன். "இது வேண்டாம். பெல்ட்டு இழுத்துப் பிடிச்சா சதை சும்மா இருந்துக்கும்" என்று எடுத்து என் பையிலேயே போட்டுவிட்டாள்.

சுவரில் முதுகை ஒட்டி நிற்பது ஒன்று. பின்மண்டை, தோள்பட்டை, இடுப்பு, மூன்றும் சுவரில் பட வேண்டும். பட்டபடியே கையை மேலே ஏற்றி இறக்க வேண்டும். நிலைப்படியில் இரண்டு கையையும் ஊன்றி ஒரு எட்டு முன்னால் வைத்தால் நெஞ்சு விரியும், அது ஒன்று. துண்டை உருட்டி மேல்முதுகுக்கு அடியில் வைத்துப் படுப்பது. அப்புறம் தாடையை உள்ளே இழுக்கிறது. எங்கே, நீங்க இழுங்க பார்க்கலாம். தலையைக் குனியாமல், தாடை மட்டும் பின்னால் போகணும். இதோ இப்படி... அடடா, உங்கள் மேலே இடித்துவிட்டேன். பஸ்ஸில் வராது. படிக்கிற புத்தகத்தைக் கண்ணுக்கு நேராக உயர்த்தி வைக்கச் சொன்னாள். ஒரே இடத்தில் உட்கார்ந்தே கிடக்காமல் அடிக்கடி எழுந்து நடக்கச் சொன்னாள். பழைய மேஜை ஒன்று வாங்கிப் போட்டேன். எல்லாம் செய்தேன் தம்பி.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள் பாருங்க. "ஐயா, சின்ன வயசுல இவரைக் குனிஞ்சே இருக்கச் சொல்லி யாராவது பழக்கினாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "பெத்த பிள்ளையக் குனியச் சொல்லி வளப்பாங்களாம்மா?" என்றேன். பரமனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். படித்த பெண்தான், ஆனால் எதைக் கேட்கலாம் எதைக் கேட்கக்கூடாது என்று...

கொஞ்சம் பொறுங்க. முன்னால் என்ன சத்தம்? கண்டக்டர் அந்தப் பொம்பளையிடம் ஏதோ சொல்கிறார். ஓ, பையனுக்கு முழு டிக்கெட் கேட்கிறார். பத்து வயசுகூட முடியவில்லை என்கிறாள் அந்தம்மா. "அப்ப கம்பிகிட்ட வந்து நிக்கச் சொல்லுக்கா, அரை டிக்கெட்டுக்குக் கோடு போட்டிருக்குல்ல" என்கிறார் இவர். பாருங்க, பாருங்க, பையன் முட்டியை மடக்குகிறான்! கெட்டிக்காரப் பயல். ஆனால் மாட்டிக்கொள்வான். கண்டக்டர்கள் முதலில் முட்டியைத்தான் பார்ப்பார்கள்.

ஆச்சு, முழு டிக்கெட் கிழித்துவிட்டார். எனக்கு அப்போதே தெரியும்.

எங்கள் பரமன் இருந்தானே, ஒரு நாள் மாட்டினதில்லை. மாமியார் வீடு சின்னமனூர். சனிக்கிழமை ஆனால் போவோம். நல்ல உயரமாக வளர்ந்துவிட்டான், நாலாவது படிக்கும்போதே கோட்டைத் தொட்டுவிட்டது தலை. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்: "முட்டியை மடக்காத, அது தெரிஞ்சிரும். தோளை முன்னாடி விடு. முதுகை உள்ளே வாங்கு. கழுத்தை இறக்கு." ஒரு தடவை சொன்னதுதான். கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டான். அப்புறம் நான் சொல்லவே வேண்டாம். காக்கிச் சட்டையைக் கண்டால் போதும், பிள்ளை தன்னால் சுருங்கிவிடுவான். எட்டாவது முடிக்கிற வரைக்கும் அரை டிக்கெட்டுதான் தம்பி! ஒரு கண்டக்டர் என்னிடம் கேட்டான், "அண்ணே, உங்க பையன் வளரவே மாட்டானா?" என்று. நான் சிரிக்காமல், "சத்தில்லாத பிள்ளைப்பா" என்றேன். வீட்டுக்கு வந்து முருகேஸ்வரியிடம் சொல்லிச் சொல்லி அப்படிச் சிரித்தேன். அவன் மட்டும் சிரிக்கவில்லை. அப்போதிருந்தே சிரிப்பு கொஞ்சம் கம்மி அவனுக்கு.

அதை விடுங்க. எங்கே விட்டேன்? ஆங், டாக்டரம்மா.

வாரத்துக்கு இரண்டு தடவை கூட்டிப் போனேன். நான் பக்கத்திலேயே நிற்பேன். "இன்னும் கொஞ்சம் இழுடா, அக்கா சொல்றாங்கல்ல" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். கொஞ்சம் நிமிர்வான், மறுபடி மடங்கிவிடுவான். ஒரு நாள் எனக்குத் தொண்டை வறண்டு கீழே டீ குடிக்க இறங்கினேன். திரும்பி மாடி ஏறி வந்தால், கதவில் கண்ணாடி. அது வழியாகப் பார்க்கிறேன். உள்ளே யாரோ ஒரு பையன் நிற்கிறான். நெஞ்சு விரிந்து, கழுத்து நேராக, சுவரோடு சுவராக. டாக்டரம்மா ஏதோ சொல்ல, சிரிக்கிறான். அடுத்த பேஷண்ட் வந்துவிட்டார் போல, நம்ம பிள்ளை எங்கே போனான் என்று தேடினேன் தம்பி. சத்தியமாகச் சொல்கிறேன். அந்தப் பச்சைச் சட்டையைப் பார்த்த பிறகுதான், அது என் பிள்ளை!

எனக்கு எப்படி இருந்திருக்கும்? கதவைத் தள்ளிக்கொண்டு, "அப்படித்தாண்டா! அப்படியே நில்லு, அசையாத!" என்று உள்ளே ஓடினேன். நான் சுவருக்குப் போய்ச் சேர்வதற்குள் மடங்கிவிட்டான். என் கண் முன்னாலேயே. பாலை இறக்கி வைத்தால் பொங்கினது உள்ளே போகுமே, அந்த மாதிரி.

டாக்டரம்மா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம், "ஐயா, இனிமே அவர் மட்டும் வரட்டும்" என்றாள்.

"ஏம்மா? நான் இருந்தாத்தானே வீட்டுல போய்ச் செய்யவைக்க முடியும்?"

"வீட்டுலயும் அவரே செய்யட்டும். நீங்க ஒண்ணு மட்டும் செய்யுங்க. 'நிமிர்'னு சொல்லாதீங்க."

"வேற என்னம்மா சொல்லட்டும்?"

"ஒண்ணுமே சொல்ல வேணாம் ஐயா."

"பெத்தவன் ஒண்ணும் சொல்லாம எப்படிம்மா இருக்கிறது?"

அதற்கு அவள் கதவைத் திறந்து அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டாள் தம்பி. எனக்குப் புரிந்துவிட்டது. கூட இருந்து பார்த்தால் நான் தொழிலைக் கற்றுக்கொள்வேன், வீட்டிலேயே செய்துவிடுவேன், அப்புறம் அவளிடம் யார் போவார்கள்? போகட்டும், பிழைக்கிற பிள்ளை. கைராசிக்காரி என்பதையும் நான் மறுக்க மாட்டேன். அவள் தொட்டால் நிமிர்கிறான், நான் தொட்டால் மடங்குகிறான். அது அந்தக் கை விசேஷம்.

ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். எப்படிப்பட்ட கஷ்டம் தெரியுமா? சோற்றுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பான். "நி..." என்று வாய் வந்துவிடும். முருகேஸ்வரி கரண்டியோடு முறைப்பாள். "நி... நிறைய ரசம் ஊத்து" என்று முடித்துவிடுவேன். ரசமாகக் குடித்துக் குடித்து வயிறு கெட்டுப்போச்சு. அவன் என்னவென்றால் அந்த "நி" வந்த உடனேயே இன்னும் ரெண்டு விரற்கடை உள்ளே போய்விடுவான்.

"நீங்க கடைக்குப் போனதும் எவ்வளவு நல்லா செய்யுறான் தெரியுமா? சுவரு ஓரமா நின்னு கையை ஏத்தி இறக்குறான், பாட்டுப் பாடிக்கிட்டே" என்பாள் முருகேஸ்வரி. பாட்டா? என் பிள்ளை பாடி நான் கேட்டதில்லை. ஒரு நாள் கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு மத்தியானமே வந்தேன், ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வாசல் ஏறினேன். அப்படியும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. நான் போகும்போது கட்டிலில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், குனிந்து. சுவரில் மட்டும் அவன் சாய்ந்து நின்ற இடத்தில் தலை எண்ணெய் பட்டு ஒரு கறை. நல்ல உயரத்தில் இருந்தது தம்பி அது. எட்டித்தான் தொட்டேன்.

போன வாரம் டாக்டரம்மா அளந்து அனுப்பினாள். நிற்கவைத்தே அளந்ததில் உயரம் சரியாக வந்துவிட்டது. கொஞ்சம் மிச்சமே இருந்தது. முருகேஸ்வரி மலைக்கோயிலுக்கு வேண்டிக்கொண்டாள். என்னிடம் மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மதுரைக்குப் போகாதீங்க. உங்க கால்ல விழறேன்" என்றாள். சரி என்றேன். அவன் விடியற்காலை பஸ்ஸில் போனான். நான் அடுத்த பஸ்ஸில் போனேன்.

என்ன அப்படிப் பார்க்கிறீங்க? ஒரே பிள்ளை தம்பி. அவன் அங்கே நிற்கும்போது நான் இங்கே ஏலக்காய் எடை போட முடியுமா? முள்ளைப் பார்த்தால் முள்ளா தெரியும்?

மைதானத்துக்கு உள்ளே விடமாட்டார்கள். கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். பனியனும் டவுசருமாக வரிசையில் பிள்ளைகள். என் பிள்ளை முறை வந்தது. அளக்கிற பலகைக்கு முதுகைக் கொடுத்து நின்றான். நல்லாத்தான் நின்றான், பொய் சொல்லக்கூடாது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்த அதே பிள்ளை. காக்கி உடுப்புக்காரர் தலைக்கு மேலே இருக்கிற கட்டையை மெல்ல இறக்கினார். இன்னும் ஒரு நூல், இன்னும் ஒரே ஒரு நூல் ஏறினால் சந்தேகமே இல்லை என்று தோன்றியது. இத்தனை நாள் வாயைக் கட்டி வைத்திருந்தேனே. "பரமா, நிமிர்!" என்றேன். ஒரே ஒரு தடவைதான்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டதோ இல்லையோ தெரியாது. என்ன ஆனதென்றால், சரியாக அந்த நேரம் பார்த்து தோள் முன்னால் வந்துவிட்டது. வெயில் வேறு. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போயிருக்கிறான். தலை சுற்றியிருக்கும். அந்த ஆள் கொஞ்சம் பொறுக்கலாம் இல்லையா? பிள்ளை தடுமாறுகிறான், நிலைக்கு வரட்டும் என்று நிற்கலாம் இல்லையா? முள் ஓய்வதற்குள் எடையைச் சொல்லிவிட்டான் பாவி.

பரமன் வெளியே வந்தான். நான் அந்த ஆளிடம் போய்க் கேட்கிறேன் என்று குதித்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு சொன்னான், மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தால் சாயங்காலம் இன்னொரு தடவை அளப்பார்களாம், எழுதிக் கொடுத்துவிட்டானாம். அதுதான் கடைசி. அதிலும் குறைந்தால் முடிந்தது.

"சரிடா, வா, மொதல்ல சாப்பிடு. சாயங்காலம் நான் அந்தப் பக்கத்து வேலிகிட்ட நிக்கிறேன், அங்கேருந்து இன்னும் நல்லாத் தெரியும்" என்றேன்.

ஆட்டோவில் ஏற்றினான். சாப்பாட்டுக் கடைக்கு என்று நினைத்தேன். ஆரப்பாளையத்தில் கொண்டுவந்து இறக்கினான். இந்தப் பஸ்ஸில் இந்த ஜன்னல் சீட்டில் உட்கார வைத்தான். வெளியே நின்றுகொண்டு, "அப்பா, நீங்க ஊருக்குப் போங்க" என்றான். என் முகத்தைப் பார்த்துச் சொன்னான் தம்பி. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன்பா. நீங்க போங்க." நடுபஸ்ஸ்டாண்டில், ஜனங்கள் பார்க்க, பெற்ற அப்பனைக் கும்பிடுகிறான். சரிடா என்றேன்.

பஸ் கிளம்பினதும் எட்டிப் பார்த்தேன். அவன் அங்கேயே நின்றான், பஸ் போகிற வரைக்கும். தூரம் போகப் போக அவன் உயர்ந்துகொண்டே போன மாதிரி இருந்தது. கடைசியில் திரும்புகிற இடத்தில் பார்த்தால், அந்தக் கூட்டத்தில் அவன் தலைதான் மேலே தெரிந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும் போல. கண்ணு ஏமாற்றும். எனக்கும் வயசாகிறதில்லையா.

இது எந்த ஊர்? உசிலம்பட்டி வந்துவிட்டதா? இங்கே இறங்கினால் எதிர் பஸ் உடனே கிடைக்கும் இல்லையா? சாயங்காலத்துக்குள் போய்விடலாம்.

வேண்டாம் என்கிறீங்களா? நீங்களும் அந்த டாக்டரம்மா மாதிரியே பேசுகிறீங்களே தம்பி. எல்லாரும் ஒரே மாதிரி. முருகேஸ்வரி போகாதே என்கிறாள், டாக்டர் பேசாதே என்கிறாள், பெற்றவன் போ என்கிறான், இல்லை, பெற்ற பிள்ளை போ என்கிறான். வீட்டுக்குப் போய் நான் என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்க. சுவரில் இருக்கிற எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டு உட்காரவா? எனக்கு அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் தெரியும். வேறு ஒன்றும் தெரியாது தம்பி. யாரும் வேறு எதையும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பேசமாட்டேன். துண்டை வாயில் வைத்துக்கொள்கிறேன். அவன் கண்ணில் படாமல் ஓரமாகத்தான் நிற்பேன். காலை விலக்குங்க, வழி விடுங்க. இந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க. ஏப்பா கண்டக்டர், விசிலைக் குடு, இறங்கணும். டிக்கெட் போடி வரைக்கும் எடுத்ததுதான், அதனால என்ன, இருக்கட்டும். நிறுத்துப்பா. என் பிள்ளை அங்கே தனியா நிக்கிறான்.